கறி மாதிரி இருக்கணும், கறியா இருக்கக் கூடாது

சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை, சாப்பிடாதவர்கள் ஒரு வகை. இந்த இரண்டு கூட்டத்தாராலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. நான் இங்கே உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துவது மூன்றாவது வகை: விட்டவர். அதாவது, நேற்று வரை நம்மைப்போலவே வாய்க்கு ருசியாகத் தின்றுகொண்டிருந்து, இன்று காலையிலிருந்து ஏதோ ஒன்றை விட்டவர். விட்டதோடு நிற்காமல், தாம் விட்டதை நாம் ஒரு நிமிடம்கூட மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதை முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர்.

ஆண்டின் மற்ற நாட்களில் இவரை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் பிறக்க வேண்டும். அதன் முதல் நாளான சாம்பல் புதன் காலையில் கோவிலுக்குப் போய், சாமியாரிடம் நெற்றியைக் காட்டிச் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பி வருகிற கூட்டத்தைப் பாருங்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவார்கள். விட்டவர் கழுவமாட்டார். நெற்றியில் தண்ணீர் படாமல் குளிப்பார், தலையைத் துவட்டும்போது துண்டை அந்த இடத்தில் மட்டும் தூக்கிக்கொள்வார், நிலைக்கண்ணாடியில் அது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார், அப்புறம் கடைத்தெருவுக்கு ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு நடை போய்வருவார். பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். எதிரே வந்தபோது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டிருப்பீர்கள்.

எனக்கு அந்த வசதி இல்லை. நான் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு விட்டவர்.

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கடைத்தெரு முனையில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிற கடை அவருடையது. தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அடுத்தவர் வம்புக்குப் போவது கிடையாது. நாக்கு ஒன்றுதான். அது சாப்பிடும், சாப்பிடாத நேரத்தில் பேசும். பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். அந்த அம்மாள் அதிர்ந்து பேசமாட்டார். கீழே அவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிவதெல்லாம் அம்மிச் சத்தத்திலிருந்தும் பாத்திரம் கழுவுகிற சத்தத்திலிருந்தும்தான்.

விட்டவரின் தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய வாரமே தொடங்கிவிடுகிறது. அந்த வாரம் கண்ணாடிக்காரர் ஒவ்வொரு பிராணியிடமும் தனித்தனியாக விடைபெறுவார். ஒரு நாள் ஆடு, ஒரு நாள் கோழி, அடுத்த நாள் மறுபடியும் ஆடு, ஏனென்றால் முதல் தடவை சரியாக விடைபெற்ற திருப்தி இல்லை. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அவர் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். "இனிமே ஈஸ்டர் வரைக்கும் கிடையாதே" என்பார், ஏப்பத்துக்கு நடுவில். பசி என்ற ஒன்று அவரை எட்டிப் பார்க்கவே அடுத்த வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

சரி, விட்டாயிற்று. இனி அறிவிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்கும் எனக்கும் ஒரு நொடி. விட்டவருக்கு அது ஒரு சாயங்காலத்து வேலை. பிறந்தநாள் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வரும்போதே கையை நீட்டித் தடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தடுக்கமாட்டார். தட்டு கைக்கு வரட்டும். மடியில் வைத்துக்கொள்வார். அதில் இருக்கிற கோழித் துண்டை, பிரிந்துபோன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பெருமூச்சு ஒன்று வரும். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், "என்னண்ணே, உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்கும் வரைக்கும் காத்திருப்பார்.

"இல்லம்மா. தவக்காலம்."

"அடடா, மறந்தே போச்சு. அப்ப கேக்காவது சாப்பிடுங்க."

"இனிப்பும் விட்டாச்சு."

"டீ?"

"அதுவும்தான்." இங்கே கண்ணை மூடித் திறக்க வேண்டும். "நீங்கல்லாம் சாப்பிடுங்க. என்னைப் பாக்காதீங்க."

அவரைப் பார்க்காமல் யார் சாப்பிட முடியும்? நானும் போயிருந்த அன்று அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் வாயிலும் கோழி மரக்கட்டையாகிவிட்டது. நான் என் தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

கடையில் இன்னும் சௌகரியம். கண் பரிசோதனைக்கு வருகிறவர் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் முட்டுக்கொடுத்து, அசையாமல் உட்கார வேண்டும் அல்லவா? அப்படி மாட்டிக்கொண்ட தலை எங்கே ஓடும்?

"எதிர்ல இருக்கிற போர்டைப் படிங்க. மேல் வரி."

"ப… ட… ம…"

"நான் டீயை விட்டுட்டேன்."

"அப்படிங்களா."

"பேசாதீங்க, பவர் மாறிடும். கறியும் தொடறதில்ல. இந்த லென்ஸ்ல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருந்துச்சா?"

"முன்னாடி போட்டதுல."

"மூணாவது வாரம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அதுக்கப்புறம் உடம்பே கேக்காது. கீழ் வரி படிங்க."

இப்படிக் கண் பார்க்க வந்து, பார்வை தெளிந்து, காது கனத்துப் போனவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர்.

விட்டவருக்கு விட்டவரைக் கண்டால் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். பக்கத்துக் கடைச் சாவி செய்கிறவர் பாவம், தமக்கு முடிந்ததாகச் சாயங்கால சீரியலை விட்டிருந்தார். எங்கள் பகுதி வீடுகள் சேர்ந்து நடத்துகிற ஜெபக் கூட்டத்தில் அதைக் கூச்சத்தோடு சொன்னார். கண்ணாடிக்காரர் சிரித்தார். "சீரியலை விடறதெல்லாம் ஒறுத்தலா? அது சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டிய விஷயம்" என்றார். சாவிக்காரர் மறுநாளிலிருந்து மறுபடியும் சீரியல் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்வி.

அடுத்தது சட்டம். ஒரு வக்கீலுக்குத் தெரியாத நுணுக்கமெல்லாம் விட்டவருக்குத் தெரியும். மீன் கறியில் சேராது என்பது அவர் படித்த முதல் பாடம். ஆகவே மற்ற மாதங்களில் எட்டிப் பார்க்காத மீன்கடையில் தவக்காலத்தில் பெரிய மீனாகப் பார்த்து எடுப்பார். ஞாயிறு தவக்காலக் கணக்கில் வராது. ஆகவே ஞாயிறன்று தடையில்லை. சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிற்றுப் பூசைக்குச் சமம் என்று திருச்சபையே சொல்லியிருக்கிறது. ஆகவே சனிக்கிழமை விளக்கு வைத்ததும் ஞாயிறு பிறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா கூடாதா? இந்தச் சந்தேகத்தோடு அவர் பங்குச் சாமியாரைக் கோவில் வாசலிலேயே பிடித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"சாமி, சூப்பு கறியில சேருமா? துண்டை எடுத்துட்டா வெறும் தண்ணிதானே."

சாமியார் சின்ன வயசுக்காரர். பொறுமைசாலி. "உங்க மனசாட்சி என்ன சொல்லுதுங்க?"

"அது குடிக்கலாம்னுதான் சொல்லுது சாமி. அதை நம்ப முடியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

இதெல்லாம் வெளியே நடக்கிற வேடிக்கை. விட்டவரின் உண்மையான தவக்காலம் சமையலறையில் நடக்கிறது. விடுவது என்றால் தட்டில் ஒன்று குறையும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அங்கேதான் தப்பு. விட்டவரின் தட்டில் ஒன்று கூடும். டீயை விட்டார். டீ என்றால் ஒரு கொதி, ஒரு வடிகட்டு, தீர்ந்தது வேலை. அந்த இடத்துக்கு இஞ்சித் தண்ணீர் வந்தது. இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, புதினா கிள்ளிப் போட்டு, கொதிக்கவைத்து, சூட்டில் தேன் கலந்தால் குணம் மாறும் என்று யாரோ சொன்னதால் கொஞ்சம் ஆறவிட்டுத் தேன் ஊற்றி, ஆனால் குடிக்கும்போது ஆறிப்போயிருக்கவும் கூடாது என்பதால் ஓட்டமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். காலையில் ஒன்று, கடைக்குப் பிளாஸ்க்கில் ஒன்று, மத்தியானத் தூக்கம் கலைந்ததும் ஒன்று.

இனிப்பை விட்டார். அதற்கு ஈடாகப் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, ஊறவைத்து, மசித்து, உருட்டி வைக்க வேண்டும். "வாய் ஏதாவது கேக்குதே" என்பார்.

கறியை விட்டதுதான் பெரிய கதை. முதல் வாரமே அவர் மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார், எனக்கு மாடியில் கேட்டது.

"கறி மாதிரி இருக்கணும். ஆனா கறியா இருக்கக் கூடாது."

"எந்தக் கறி மாதிரிங்க?"

"ஆடு மாதிரி. முடியலேன்னா கோழி மாதிரி இருந்தாலும் போதும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் சோயா உருண்டையை வெந்நீரில் போட்டு எடுத்துப் பிழிவார், மறுபடி ஊறவைத்து மறுபடி பிழிவார், பச்சை வாசனை போகப் பாலில் போடுவார், அதையும் பிழிவார். காளானை ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்பு வேறு தலை வேறாக ஆய்ந்து, மசாலா தடவி ஊறவைப்பார். ஒரு நாள் கண்ணாடிக்காரர், எல்லாம் இருக்கிறது, கடிக்க எலும்புதான் இல்லை என்று குறைப்பட்டார். மறுநாள் காலிஃபிளவர் தண்டை எலும்பு நீளத்துக்கு நறுக்கிச் சேர்த்திருந்தார் அந்த அம்மாள். ஓர் ஆட்டைச் சமைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆடு இல்லாததைச் சமைக்க அரை நாள் ஆகிறது. முடிவில் அவர் ஒரு வாய் எடுத்து வைத்து, மேலே பார்த்து மென்று, "பரவாயில்ல. ஆனா ஆடு ஆடுதான்" என்பார். பாத்திரம் கழுவுகிற சத்தம் தொடங்கும்.

இவ்வளவோடு போயிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே மாடியில் இருந்திருப்பேன். இந்த வருடம் அப்படிப் போகவில்லை.

அந்த அம்மாளுக்கு ஒரு தங்கை. தாய் சீக்கிரமே போய்விட்டதால், தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்துவைத்தது வரை அக்காதான். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத புனிதர் இல்லை. இப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது. அதுவும் நிற்குமா நிற்காதா என்கிற நிலையில், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய மாமியாருக்கு மூட்டுவலி. அவருக்கே ஒரு ஆள் வேண்டும். அக்கா வந்தால் தேவலை என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காற்றில் கீழே விழுந்துவிட்ட என் சட்டையை எடுக்கப் போனபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டது.

"என்னங்க, தங்கச்சி மறுபடியும் பேசினா. நான் போய் ஒரு மாசம் கூட இருந்துட்டு வரட்டுமா?"

"தாராளமா போ. இதுக்கு என்னைக் கேக்கணுமா? ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் நானே பஸ் ஏத்தி விடறேன்."

"ஈஸ்டருக்கு முன்னாடியே பொறந்துடும்ங்க."

"தவக்காலத்துலயா?"

"குழந்தைக்கு என்ன தெரியும், இது தவக்காலம்னு."

 கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தி, நியாயம் பேசுகிற தொனியில் சொன்னார்: "மத்த நாள்னா நான் ஒரு வார்த்தை சொல்வேனா? எங்கேயாவது எதையாவது தின்னுட்டுக் கிடப்பேன். இப்ப நோன்புல இருக்கேன். நோன்பு இருக்கிற மனுஷனைப் பட்டினி போட்டுட்டுப் போறேங்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

கேட்டீர்களா கதையை? நோன்பு இருப்பவரைப் பட்டினி போடலாமா என்கிறார். இதை எந்த நாட்டு நீதிமன்றத்தில் கொண்டுபோய்ச் சொல்வது?  உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சோயா ஊறப் போட்டுவிட்டார் என்று தெரிந்துகொண்டு நான் சட்டையை உதறிக்கொண்டு மேலே வந்தேன். எனக்குக் கோபம்தான். ஆனால் மாடி வீட்டுக்காரன் கீழ்வீட்டுச் சமையலறையில் என்ன நியாயம் பேச முடியும்?

அதன்பிறகு தினமும் போன் வந்தது. அவர் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தங்கை பேசுவாள். அந்த அம்மாள் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு காளான் துடைப்பார். "இந்தா வந்துடறேன், கண்ணு. அவருக்கு இது முடியட்டும்" என்பார். ஒரு நாள் போனை வைத்த பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அம்மியும் இல்லை, பாத்திரமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். பின்வாசற்படியில் காளான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா. 'உனக்கு எப்ப முடியுதோ அப்ப வாக்கா'ன்னு சொன்னா" என்றார். "இதுவரைக்கும் 'வா வா'ன்னு சண்டை போட்டுட்டு இருந்தா. இன்னைக்குச் சண்டை போடலை."

அதற்கடுத்த நாள் மத்தியானம் என் கதவு தட்டப்பட்டது. அந்த அம்மாள் வெளியூர் போகிற சேலையில், கையில் ஒரு பையோடு நின்றார்.

"வலி வந்துடுச்சாம் அண்ணா. நாள் இருக்கு, அதுக்குள்ள வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. சாவியை அவர்கிட்ட குடுத்துடுங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை போன்ல சொல்லிட்டு…"

"சொன்னா நிக்கச் சொல்வார். நானும் நின்னுடுவேன்." படியில் இரண்டு எட்டு இறங்கினவர் திரும்பினார். "காளான் ஊறிட்டு இருக்கு. உப்பு போடலைன்னு சொல்லிடுங்க."

சாவியை வாங்கிக்கொண்ட கண்ணாடிக்காரரின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. முதலில் அவர் கேட்டது தங்கையைப் பற்றித்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதாகக் கேட்டது காளானைப் பற்றி.

அன்று சாயங்காலத்திலிருந்து கீழ்வீட்டில் புது வகைச் சத்தங்கள். மூடி விழுகிற சத்தம். "ச்சே" என்கிற சத்தம். பிறகு போன்.

"சோயாவை எத்தனை தடவை பிழியணும்?"

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"டாக்டர் வந்துட்டாரா? சரி, சரி, அப்புறம் பேசு. தேன் பாட்டில் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடு."

சோயாவைச் சரியாகப் பிழியவில்லை போலும், ரப்பர் வாசனை மாடி வரை வந்தது. காளான் கறுத்துக் குப்பைக்குப் போனது. இரண்டாம் நாள் முதல் அவர் ரொட்டியையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் தின்றுகொண்டு, பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் ஒரு தட்டில் முட்டைப் பொரியல் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டை வெகுநேரம் பார்த்தார்.

"முட்டை கறியில சேருமா சார்?"

"இன்னைக்கு உங்க மனசாட்சி என்ன சொல்லுது?"

"அதைக் கேக்கற நெலைமையில நான் இல்ல" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொடவில்லை. மனிதர் சொன்ன சொல் மாறாதவர்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்நாளிலேயே உண்மையாக வயிற்றைக் குறைத்து ஒருசந்தி இருந்ததும் புலால் தொடாமல் சுத்தபோசனம் காத்ததும் அந்த நாட்களில்தான். ஆனால் அதை ஒருவரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. கடையில் வாய் திறக்காமல் கண் பார்த்து அனுப்பினார். அந்த நாட்களுக்கு அவர் வைத்த பெயர் பட்டினி.

குழந்தை பிறந்துவிட்டது என்று செய்தி வந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். சனிக்கிழமை காலை கண்ணாடிக்காரர் சட்டை போட்டுக்கொண்டு மேலே வந்தார்.

"குழந்தையையும் பாத்த மாதிரி ஆச்சு, இவளையும் கூட்டிட்டு வந்துடலாம். நீங்களும் வாங்க சார். நீங்க சொன்னா கேப்பா."

நான் எதுவும் சொல்லப் போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். வழி முழுவதும் அவர் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "பொறந்தாச்சு இல்ல, இனிமே நர்ஸுங்க பாத்துக்குவாங்க." இதை மூன்று விதமான குரலில் சொல்லிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கை கட்டிலில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்பூன், மற்றக் கை தங்கையின் கைக்குள் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தங்கை கையை விடவில்லை. கண்ணாடிக்காரர் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மென்று விழுங்கிவிட்டுக் கட்டில் கால்மாட்டில் நின்றார். தங்கையின் மாமியார் மூட்டைப் பிடித்துக்கொண்டே, "வாங்க தம்பி. உங்க வீட்டுக்காரி வந்திருக்கலேன்னா இவளை நாங்க பாத்திருக்க முடியாது" என்றார்.

அந்த நேரம் பார்த்து, வார்டைச் சுற்றி வருகிற கன்னியாஸ்திரி ஒருவர் வந்தார். வயதானவர், கலகலப்பானவர். நோயாளிகளைச் சிரிக்க வைப்பதற்காகக் கட்டில் கட்டிலாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்களிடமும் வந்தது.

"தவக்காலத்துக்கு என்ன விட்டீங்க?"

கண்ணாடிக்காரருக்கு அத்தனை நாள் அடைத்துக்கிடந்த தொண்டை திறந்துகொண்டது. டீ, கறி, இனிப்பு, மூன்றாவது வாரத்துக் கஷ்டம், சனிக்கிழமைச் சாயங்காலச் சந்தேகம், எல்லாம் வந்தது. கன்னியாஸ்திரி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதுங்க" என்று முக்காலிப் பக்கம் திரும்பினார். "நீங்கம்மா? நீங்க என்ன விட்டீங்க?"

அந்த அம்மாள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நான் இவரோட நோன்பை விட்டுட்டேன் சிஸ்டர்."

தங்கை கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். சிரிக்கக் கூடாத உடம்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னியாஸ்திரி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.  கண்ணாடிக்காரர், கண்ணாடிப் பெட்டி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார். போய் அந்தத் துளியூண்டு குழந்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "நீ இருந்து பாத்துட்டு வா. அவசரமில்ல" என்றார். ஒத்திகையில் இல்லாத வசனம்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வறுத்த கோழி மடித்துக் கொண்டுவந்திருந்தார். மரியாதைக்கு எங்கள் பக்கம் நீட்டினார். "வேண்டாம்ங்க" என்றார் கண்ணாடிக்காரர். அவ்வளவுதான். பெருமூச்சு இல்லை, தவக்காலம் என்ற சொல்கூட இல்லை. எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. ஒரு விட்டவர் திருந்திவிட்டார், நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை என் கண்ணாடிக்கு ஒரு திருகு போடக் கடைக்குப் போனேன். இயந்திரத்தில் யாரோ ஒருவரின் தலை மாட்டியிருந்தது.

"டீயை விட்டேன், கறியை விட்டேன், அதெல்லாம் பெரிசில்லைங்க. அசையாதீங்க. இந்த வருஷம் வீட்டுக்காரியையே அவ தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்திருக்கேன். ஈஸ்டருக்குக்கூட வர மாட்டா. யாரால முடியும் சொல்லுங்க? கீழ் வரி படிங்க."

நான் திருகு போடாமலே திரும்பிவிட்டேன்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், தெரியும். "நமக்குத் தவக்காலமும் இல்லை ஒன்றும் இல்லை" என்பீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சோறு தொடுவதில்லை என்று போன மாதம் தீர்மானம் செய்தீர்களே, அது என்ன கணக்கு? சர்க்கரையை நிறுத்தியது? எண்ணெயைக் குறைத்தது? பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் ஒரு சமையல், உங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று? நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. எழுந்து, சத்தம் போடாமல், உங்கள் வீட்டு உள்ளறைப் பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், நீங்கள் விட்டது யார் தலையில் விழுந்திருக்கிறது என்று.